கருவுக்கு மரபணுச் சோதனை: முதல் ஊசிக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

ஐ.வி.எஃப். சிகிச்சையில் உருவாகும் கருவை, கருப்பைக்குள் வைப்பதற்கு முன்பே மரபணுச் சோதனை செய்துகொள்ள நினைக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் தம்பதிகளின் ஃபைலைச் சரிபார்த்து லேபுக்கு அனுப்புவது என் வேலை. மேலூர், உசிலம்பட்டி, தேனி, சிவகங்கை என்று நாலா பக்கமிருந்தும் வருகிறார்கள். சிகிச்சையில் தடுமாறுபவர்களைவிட, அதற்கு முந்தைய காகித வேலையில் தடுமாறுபவர்கள்தான் அதிகம். கருமுட்டையை வளர்க்கும் ஊசியை ஆரம்பித்துவிட்டு ரிப்போர்ட்டைத் தேடுகிறார்கள். ரிப்போர்ட் முதலில், ஊசி கடைசியில்.

மருந்தின் அளவும் தேதியும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அவர் முன்னால் உட்காரும்போது கையில் என்ன இருக்க வேண்டும், எதை எப்போது கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. மூன்றில் எது உங்களுக்கு?

இந்தக் கருச் சோதனையை பி.ஜி.டி. என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. மூன்றும் தேடுவது வெவ்வேறு.

பி.ஜி.டி.-ஏ என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது. 46 இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ காட்டிவிடும். டவுன் சிண்ட்ரோம் இந்த வகை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு இந்தக் கோளாறுதான் காரணம்.

பி.ஜி.டி.-எம் என்பது ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழையைத் தேடுவது. தலசீமியா என்ற ரத்த நோய், நரம்பு பாதித்துத் தசை மெலியும் எஸ்.எம்.ஏ., டூஷேன் தசைச்சிதைவு, குழந்தைகளின் கண்ணில் வரும் புற்றுநோயான ரெட்டினோபிளாஸ்டோமா போன்ற பரம்பரை நோய்களுக்கு இது.

பி.ஜி.டி.-எஸ்.ஆர். கணவன் மனைவியில் ஒருவருக்குக் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருந்தால் செய்வது. அப்படிப்பட்டவர் ஆரோக்கியமாகத்தான் இருப்பார். கர்ப்பம் மட்டும் அடுத்தடுத்துக் கலையும். காரியோடைப் என்ற ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். இரண்டு, மூன்று முறை கலைந்தவர்கள் கணவனுக்கும் சேர்த்துக் காரியோடைப் எடுக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மனைவிக்கு மட்டும் எடுத்துவிட்டு வருவது இங்கே வழக்கமாக நடக்கிறது. இடமாற்றம் கணவனிடமும் இருக்கலாம்.

நான் அதிகம் கேட்கும் வரி ஒன்று உண்டு. “நாங்க சொந்தத்துல கட்டுனவங்க மேடம், அதனால கருவை டெஸ்ட் பண்ணி வெச்சிருங்க.” இப்படி வருபவர்களில் பலர் பி.ஜி.டி.-ஏ போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. சொந்தத்தில் கட்டுவதால் குரோமோசோம் எண்ணிக்கை தவறுவதில்லை. இரண்டு பேரிடமும் ஒரே மரபணுப் பிழை மறைந்திருந்து, அது குழந்தையிடம் வந்து சேர்வதுதான் அங்கே கவலை. தாய்மாமனைக் கட்டிய அக்கா மகளுக்குப் பிறக்கும் குழந்தையில், ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்றால் பதினாறில் ஒன்று. பி.ஜி.டி.-ஏ இதைப் பார்க்கவே பார்க்காது. ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்த கருவிலிருந்தே தலசீமியாக் குழந்தை பிறக்க முடியும். சொந்தத்தில் கட்டியவர்கள் முதலில் செய்ய வேண்டியது இருவருக்குமான கேரியர் பரிசோதனை; நோய் இல்லாமல் பிழையை மட்டும் சுமப்பவர்தான் கேரியர். அதில் ஏதாவது வந்தால்தான் கருவில் எதைத் தேடுவது என்பதே தெரியும்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பதை ஒட்டிய பெண்களின் கருக்களில் பத்துக்கு மூன்று குரோமோசோம் கோளாறோடு இருக்கும். நாற்பதில் அது பத்துக்கு ஆறு அளவுக்கு ஏறிவிடும். அதனால் வயது கூடியவர்களுக்கு பி.ஜி.டி.-ஏ பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. இளம் வயதினருக்கு அப்படி இல்லை. 2021இல் வெளிவந்த சீன ஆய்வு ஒன்றில், 20 முதல் 37 வயதுக்குள், குறைந்தது மூன்று நல்ல கருக்கள் கிடைத்த 1,212 பெண்களை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தை பிறந்தவர்கள், சோதனை செய்த பக்கம் 77.2 சதவீதம்; செய்யாத பக்கம் 81.8 சதவீதம். கலைவது மட்டும் சோதனை செய்த பக்கம் கொஞ்சம் குறைந்தது. முப்பது வயது, கர்ப்பம் கலைந்ததில்லை, பரம்பரை நோயும் இல்லை என்றால், ‘எனக்கு இது எதுக்கு டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. குழந்தைப்பேற்றில் சிக்கலே இல்லாமல், நோயைத் தவிர்க்க மட்டும் நினைக்கும் தம்பதிகளுக்கு ஐ.வி.எஃப். ஒன்றுதான் வழி என்றில்லை. இயல்பாகக் கருத்தரித்து, 11ஆவது வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். செலவு மிகக் குறைவு. பாதிப்பு என்று வந்தால் கர்ப்பத்தைக் கலைப்பதா என்று முடிவெடுக்கும் பாரம் அதில் இருக்கிறது. ஒருமுறை அதைக் கடந்துவந்தவர்கள்தான் பெரும்பாலும் பி.ஜி.டி.-எம் கேட்டு வருகிறார்கள். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

2. நோயின் பெயர் போதாது, பிழையின் பெயர் வேண்டும்

பி.ஜி.டி.-எம் செய்பவர்களுக்கு இதுதான் முதல் படி. பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கட்டைப்பை நிறையப் பழைய ரிப்போர்ட் இருக்கும்: ஸ்கேன், ரத்த அணுக்கள் எண்ணிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றிலும் ‘தலசீமியா மேஜர்’ என்று எழுதியிருக்கும். லேபுக்கு அது உதவாது. எந்த மரபணு, அதில் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று டி.என்.ஏ. ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். தலசீமியா என்றால் எச்.பி.பி. மரபணு, ஐ.வி.எஸ். 1-5 என்பது போல. இந்தியாவில் அதிகம் காணப்படும் தலசீமியா மாற்றம் அதுதான்; ஆனால் உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று என்று இருப்பதும் உண்டு. அப்போது இரண்டையும் தேட வேண்டும்.

ஐந்து செல்லை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மரபணுக்களில் ‘ஏதாவது பிழை இருக்கா’ என்று துழாவ முடியாது. முகவரி கொடுத்தால்தான் அந்த வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள்.

நோய்க்கு நோய் இதில் சூட்சுமம் மாறும்.

தலசீமியா: கேரியரா என்பதை எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை சொல்லும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர் என்று சந்தேகிப்பார்கள். உடம்பில் இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் இந்த அளவு இறங்கி, கேரியர்கூட நார்மல் போலத் தெரியலாம். ரத்தசோகை உள்ள பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். அதேபோல, ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எச்.பி.எல்.சி. எடுத்தால் ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் கலந்துதான் வரும். அந்த ரிப்போர்ட்டை நம்பி முடிவு எடுக்க முடியாது. அப்பா, அம்மா இருவருக்கும் எடுப்பதுதான் சரி.

எஸ்.எம்.ஏ.: பல மரபணுக்களை ஒரேயடியாக அலசும் எக்ஸோம் என்ற பெரிய பரிசோதனைக்குக் காசு கட்டிவிட்டு, ‘அதுல ஒண்ணும் வரலை’ என்று வருவார்கள். எஸ்.எம்.ஏ.வில் பெரும்பாலும் எஸ்.எம்.என்.1 மரபணுவில் ஒரு துண்டே காணாமல் போயிருக்கும். சாதாரண எக்ஸோமில் அது நழுவிவிடலாம். எம்.எல்.பி.ஏ. என்ற தனிப் பரிசோதனைதான் அதற்கு ஏற்றது.

டூஷேன்: மகனுக்கு நோய் என்றால் தாய் கேரியர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் அந்தப் பிழை மகனிடம் புதிதாகத் தோன்றியது; தாயின் ரத்தத்தில் இருக்காது. ஆனாலும் சில சமயம் கருமுட்டைகளில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம் என்பதால், ‘அம்மா நார்மல்’ என்று வந்த பிறகும் மரபணு ஆலோசகரிடம் பேச வேண்டும். அந்தப் பேச்சில்தான் பி.ஜி.டி. தேவையா இல்லையா என்பது முடிவாகும். இந்தக் குடும்பங்களில் மாமியார் வாயிலிருந்து வரும் ‘உன் ரத்தத்துலதான் கோளாறு’ என்ற பேச்சுக்கும் அந்த ரிப்போர்ட் ஒரு பதில்.

ரிப்போர்ட்டில் வகைப்பாடு என்று ஒரு வரி இருக்கும். அதைக் கட்டாயம் பாருங்கள். ‘நோய் உண்டாக்கும் மாற்றம்’ அல்லது ‘பெரும்பாலும் நோய் உண்டாக்கும் மாற்றம்’ என்று இருந்தால் மேலே போகலாம். ‘வி.யு.எஸ்.’ என்று இருந்தால், அந்த மாற்றத்தால் நோய் வருமா வராதா என்று இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அதை நம்பிக் கருவைக் கழித்தால், நல்ல கருவையும் கழித்துவிட நேரும். பொறுப்பான லேப் எதுவும் வி.யு.எஸ்.ஸை வைத்து வேலை தொடங்காது. பெற்றோருக்கும் பாதிக்கப்பட்ட மற்ற உறவினருக்கும் அதே மாற்றத்தைத் தேடிப் பார்த்தால் சிலசமயம் தெளிவு கிடைக்கும். ஓரிரு வருடம் பழைய ரிப்போர்ட் என்றால், இப்போதைய தகவலை வைத்து மறுபடி அலசச் சொல்லி லேபையே கேட்கலாம்.

குழந்தை தவறிப்போயிருந்தால்? முன்பு மரபணுப் பரிசோதனை செய்த லேபில் டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில லேப்கள் வருடக்கணக்கில் வைத்திருக்கும். எதுவுமே இல்லை என்றால் பெற்றோர் இருவருக்கும் எக்ஸோம் எடுத்து, இருவரிடமும் பொதுவாக இருக்கும் பிழையைத் தேடுவார்கள். உடல்நிலை மோசமாக இருக்கும் குழந்தை உள்ளவர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: குழந்தையின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து வைக்க இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

ரெட்டினோபிளாஸ்டோமா உள்ள குடும்பங்களுக்கு மதுரையில் ஒரு வசதி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆர்.பி.1 மரபணுவைப் பற்றி இங்கேயே ஆராய்ந்து வருகிறார்கள். குழந்தைக்கு அங்கே சிகிச்சை நடந்திருந்தால், மரபணு ரிப்போர்ட் இருக்கிறதா என்பதை அங்கே முதலில் கேளுங்கள்.

3. குடும்பத்தில் யார் யார் ரத்தம் தேவை?

பிழையின் பெயர் கிடைத்தவுடன் ஊசி போட்டுவிட முடியாது. லேப் உங்கள் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு சோதனையைத் தயார் செய்யும். அதற்குப் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மாதம் ஆகும்.

காரணம் இதுதான். கருவிலிருந்து எடுக்கும் சில செல்களில் டி.என்.ஏ. மிகக் கொஞ்சம். அதைப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று விட்டுப்போய்விடலாம். அப்போது கேரியராக உள்ள கரு முழு நார்மல் போலவோ நோயுள்ளது போலவோ தெரியும். இந்தத் தவறைப் பிடிக்க, பிழைக்கு இரண்டு பக்கமும் உள்ள டி.என்.ஏ. அடையாளங்களையும் சேர்த்துப் படிப்பார்கள். எந்த அடையாளம் பிழையோடு சேர்ந்து வருகிறது என்பதைக் குடும்பத்தில் இன்னொருவர் ரத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கணவன், மனைவி, பாதிக்கப்பட்ட குழந்தை என மூவர் இருந்தால் வேலை சுலபம். குழந்தை இல்லை என்றால் இருபக்கப் பெற்றோரின் ரத்தமும் கேட்பார்கள். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் சில மில்லி ரத்தம், அவ்வளவுதான். வெறும் வயிறாக வர வேண்டியதில்லை.

ரத்தம் எடுப்பதில் கஷ்டமில்லை, வீட்டில் சொல்வதில்தான். ‘ஐ.வி.எஃப். போறோம்’ என்பதையே மறைத்து வைத்திருப்பவர்கள், ‘அத்தை, உங்க ரத்தமும் வேணும்’ என்று எப்படிக் கேட்பது? ஒரு மாமியார் என்னிடமே கேட்டார்: “ஏம்மா, எங்க பக்கத்துல யாருக்கும் இந்தச் சீக்கு கிடையாது. நான் எதுக்குக் கை நீட்டணும்?” கேரியராக இருப்பவருக்கு நோய் எதுவும் இருக்காது, எந்தத் தலைமுறையிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது என்று விளக்கினேன். பக்கத்திலிருந்த மாமனார், “நான் குடுக்கிறேன், எடுத்துக்கங்க” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். யாரிடம் முதலில் பேசினால் வேலை நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவரை ஆலோசனைக்கே அழைத்து வந்துவிடுங்கள். நீங்கள் வீட்டில் போய் விளக்குவதைவிட டாக்டர் வாயால் கேட்டால் எடுபடும்.

சொந்தத்தில் கட்டியவர்கள் இந்த இடத்தில் அதை மறைக்கவே கூடாது. வெட்கப்பட்டு ‘தூரத்து உறவு’ என்று படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் பிழையுள்ள அந்தத் துண்டை ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து பெற்றிருந்தால், பிழையைச் சுற்றியுள்ள அடையாளங்களும் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும். எது யாருடையது என்று பிரிப்பது கடினமாகும். முன்கூட்டித் தெரிந்தால் லேப் அதற்கேற்பக் கூடுதல் அடையாளங்களைத் தேடும், இன்னும் சில உறவினரின் ரத்தம் கேட்கும். தெரியாமல் போனால் ரிப்போர்ட்டில் ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்று வந்து நிற்கும்.

‘தயார்’ என்று லேப் எழுத்தில் கொடுக்கும்வரை ஊசியைத் தொடங்காதீர்கள். மாதவிடாய் வந்துவிட்டது, நல்ல மாதம், ஆடி பிறந்துவிடும் என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி.

4. மையத்தில் கேட்க வேண்டியவை

முதலில் சுவரைப் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவுச் சான்று இருக்க வேண்டும். கருவில் பாலினம் தேர்ந்தெடுப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படியான பதிவும் வேண்டும். சோதனை செய்யும் லேபுக்கும் அந்தப் பதிவு உண்டா என்று கேளுங்கள்.

அப்புறம், கருவை லேபில் வளர்க்கும் எம்ப்ரியாலஜிஸ்ட் பற்றிக் கேளுங்கள். கருவிலிருந்து செல் எடுக்கும் பயாப்ஸியை அங்கேயே இருப்பவர் செய்கிறாரா, வெளியூரிலிருந்து வரவழைக்கிறார்களா? வெளியிலிருந்து வருபவர் என்றால், முட்டை எடுத்ததிலிருந்து ஒரு கரு ஐந்தாம் நாளும் இன்னொன்று ஆறாம் நாளும் தயாரானால் இரண்டு நாளும் இருப்பாரா? இந்தக் கேள்விக்குத் தயங்கினால் வேறு மையத்தையும் போய்ப் பாருங்கள். கரு ஆளுக்காகக் காத்திருக்காது.

நம்மூரில் எல்லோரும் பயப்படும் விஷயம் ஒன்று: ‘கருவை சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புறாங்களாமே!’ கரு எங்கும் போவதில்லை. அது மதுரையில், உறைய வைக்கும் டாங்கிலேயே இருக்கும். சின்னக் குழாயில் போட்ட சில செல்கள் மட்டும்தான் குளிர்ப்பெட்டியில் பயணம் செய்யும்.

பணம் பற்றிப் பேசும்போது மொத்தத் தொகையைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ‘ஐ.வி.எஃப். பேக்கேஜ்’ என்று சொல்லும் தொகையில் சோதனை பெரும்பாலும் இருக்காது. குடும்பத்துக்கான முன்தயாரிப்பு, பயாப்ஸிக் கட்டணம், கரு ஒன்றுக்கான சோதனைக் கட்டணம், உறைய வைப்பது, வருடா வருடம் பாதுகாப்பது, பிறகு கருவைக் கருப்பைக்குள் வைக்கும் டிரான்ஸ்ஃபர், அதற்கான மருந்து என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கரு ஒன்றுக்கு இவ்வளவு என்பதால், கரு கூடினால் பில்லும் கூடும். ரிசல்ட் வராமல் மறுபடி பயாப்ஸி எடுத்தால் யார் செலவு? ஒரு கருவும் ஐந்தாம் நாளைத் தொடாவிட்டால் முன்பணம் திரும்புமா? இந்த இரண்டையும் கேட்பவர்கள் மிகக் குறைவு.

5. பாலினம் சொல்ல மாட்டார்கள்

ஆண், பெண் குரோமோசோம் லேபுக்குத் தெரியும். ஆனால் ரிப்போர்ட்டில் அது இருக்காது, இருக்கக் கூடாது. கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். டூஷேன் போன்ற நோயிலும் பிழை இருக்கிறதா இல்லையா என்பதை நேரடியாகத் தேடித்தான் ரிப்போர்ட் தருவார்கள். கூடக் காசு கொடுத்தால் சொல்வதாக யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டம் இன்னும் சிலவற்றைச் சொல்கிறது. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும். கருவில் மரபணுச் சோதனை, பரம்பரை அல்லது மரபணு நோய்களைக் கண்டறிய மட்டும்தான். புத்தி, உயரம், நிறம் எல்லாம் இதில் கிடையாது; அப்படி ஒரு பேச்சு வந்தால் அது வியாபாரம். ஆதார், திருமணச் சான்று, இருவரின் புகைப்படம் தயாராக இருக்கட்டும். பெயரின் எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, டி.என்.ஏ. ரிப்போர்ட்டில் ஒரு மாதிரி இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பெயர் பொருந்தவில்லை என்று மாதிரியை லேப் நிறுத்தி வைத்தது உண்டு.

6. ஊசியிலிருந்து ஐந்தாம் நாள் வரை

இந்தப் பகுதி மற்ற ஐ.வி.எஃப். போலத்தான். மாதவிடாயின் இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கி ஏறக்குறைய 10 முதல் 12 நாள் ஊசி, நடுநடுவே ஸ்கேன், கடைசியில் முட்டையை முதிர வைக்கும் டிரிகர் ஊசி. அதிலிருந்து 35, 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். டிரிகர் ஊசியின் மணி நள்ளிரவுக்குப் பக்கத்தில் வரும். ஊரில் நர்ஸ் கிடைப்பாரா என்று அன்றைக்கு அலையாமல், முன்பே ஆள் சொல்லி வையுங்கள், அல்லது போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். முட்டை எடுத்த பிறகு வயிறு உப்புதல், மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் இருந்தால் காலைவரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள்.

பி.ஜி.டி.க்கு மட்டும் மாறும் விஷயம் இரண்டு. ஒன்று, இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு என்று செலுத்துவார்கள். சாதாரண முறையில் முட்டையின் மேலே விந்தணுக்கள் ஒட்டியிருக்கும். பயாப்ஸியின்போது அதிலிருந்து டி.என்.ஏ. கலந்துவிட்டால் ரிப்போர்ட் கெட்டுப்போகும். இன்னொன்று, சிகிச்சை நடக்கும் மாதங்களில் பாதுகாப்பில்லாத உறவு கூடாது. சோதிக்காத கரு ஒன்று இயல்பாகத் தங்கிவிட்டால் இவ்வளவு பாடும் வீண். இதை வெளிப்படையாகச் சொல்ல இங்கே பலரும் கூச்சப்படுகிறார்கள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள், சிலசமயம் ஏழாம் நாள், கரு பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு வரும். அப்போது அதில் இரண்டு பகுதி பிரிந்திருக்கும். உள்ளே இருப்பது குழந்தையாகும். வெளிச்சுற்று நஞ்சுக்கொடியாகும். வெளிச்சுற்றிலிருந்து ஐந்து முதல் பத்து செல்களை லேசர் உதவியோடு எடுப்பார்கள். எடுத்த செல்கள் ஒரு குழாய்க்கு, கரு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்கு. குழாயிலும் கரு வைத்த குச்சியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று இரண்டு பேர் சேர்ந்து படித்துச் சரிபார்ப்பார்கள்.

மூன்றாம் நாளே கருவை வைத்துவிடச் சொல்லி சிலர் அவசரப்படுத்துவார்கள். சோதனை உண்டென்றால் அது நடக்காது. ரிப்போர்ட் வர இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால் கருவை உறைய வைத்தே தீர வேண்டும்.

7. எண்ணிக்கை குறையும், தயாராக இருங்கள்

பத்து முட்டை கிடைத்தது என்று போனில் சொன்னவுடன் வீட்டில் பத்துக் குழந்தைக்குக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஒரு சராசரிக் கணக்கு இப்படிப் போகும்: பத்தில் எட்டு முதிர்ந்திருக்கும், ஆறு கருவாகும், மூன்று பிளாஸ்டோசிஸ்ட் ஆகும். தலசீமியா போன்ற நோயில் நான்கில் ஒன்று பாதிக்கப்பட்டது என்று கழியும். அதோடு குரோமோசோம் சோதனையும் சேர்த்தால் இன்னும் கழியும். கடைசியில் ஒன்றோ இரண்டோ மிஞ்சலாம். எதுவுமே மிஞ்சாமலும் போகலாம். ஏ.எம்.எச். (முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) குறைவாக உள்ளவர்கள் இரண்டு சுற்றில் கருக்களைச் சேர்த்து ஒன்றாகச் சோதிப்பது பற்றி முதல் நாளே டாக்டரிடம் பேசுங்கள்.

8. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது

தனியாக வாட்ஸ்அப்பில் வாங்கிப் படிக்காதீர்கள். ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவாகக் கேளுங்கள்.

பெரிய தடுமாற்றம் ‘கேரியர்’ என்ற வார்த்தையில்தான். தலசீமியா கேரியர்களான தம்பதிக்கு நான்கில் ஒரு கரு பாதிக்கப்பட்டது, இரண்டு கேரியர், ஒன்று முழுக்க விடுபட்டது என்பது வாய்ப்புக் கணக்கு. கேரியர் கருவிலிருந்து பிறக்கும் குழந்தை உங்களைப் போலவே இருக்கும், உங்களைப் போலவே வாழும். ‘எங்க கஷ்டம் எங்களோட போகட்டும், கேரியரும் வேண்டாம்’ என்று நல்ல கருவைக் கழிக்கச் சொன்னவர்கள் உண்டு. அப்படிக் கழித்தால் மிஞ்சுவது நான்கில் ஒன்றுதான். கேரியர் கருவைத் தயங்காமல் வைக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது எதிர்த்தரப்புக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் போதும்.

‘மொசைக்’ என்று வந்தால், எடுத்த செல்களில் சில நார்மல், சில இல்லை என்று அர்த்தம். எடுத்தது வெளிச்சுற்றில் ஒரு மூலை மட்டுமே. முழுக் கருவும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது. குறைந்த அளவு மொசைக் கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். நார்மல் கரு இருந்தால் அதை முதலில் வையுங்கள். இல்லாதபோது மொசைக்கைப் பற்றிப் பேசலாம். அழித்துவிடச் சொல்லி உடனே கையெழுத்துப் போடாதீர்கள்.

‘ரிசல்ட் இல்லை’ என்பது கெட்ட கரு என்று பொருளல்ல. டி.என்.ஏ. போதவில்லை, அவ்வளவுதான். கருவை உருக்கி, மறுபடி செல் எடுத்து, மறுபடி உறைய வைக்கலாம். கருவுக்கு அது கூடுதல் சுமை என்பதால் மற்ற கருக்களின் நிலையைப் பார்த்து முடிவு செய்வார்கள்.

9. டிரான்ஸ்ஃபர்

அடுத்த மாதவிடாயிலோ அதற்கடுத்ததிலோ மாத்திரை கொடுத்துக் கருப்பையின் உள்சுவரைத் தயார் செய்வார்கள். ஏழு மில்லிமீட்டருக்கு மேல் வந்தால் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் தொடங்கி, ஐந்து நாள் கழித்துக் கருவை உருக்கி வைப்பார்கள். சோதித்த கரு என்றால் ஒன்றே போதும். ‘ரெண்டா வெச்சிருங்க, ஒண்ணாவது நிக்கும்’ என்பது இரட்டைக் கர்ப்பத்துக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் வழி.

வைத்த பிறகு படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மாடி ஏறலாம், சமைக்கலாம், பஸ்ஸில் ஊருக்குப் போகலாம். புரோஜெஸ்டிரானை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது. கர்ப்பத்துக்கான ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும் அது சோதனையின் தவறு என்று நினைக்காதீர்கள். குரோமோசோம் சரியாக இருக்கும் கருவும் எல்லாமே ஒட்டிவிடுவதில்லை.

10. கர்ப்பம் உறுதியான பிறகு

இதைப் பலர் தட்டிக்கழிக்கிறார்கள். பி.ஜி.டி.-எம் மிக நம்பகமானது, ஆனால் நூற்றுக்கு நூறு கிடையாது. அதனால் கர்ப்பத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளச் சொல்வார்கள்: 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 16ஆவது வாரத்தை ஒட்டி பனிக்குட நீர். கையிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் என்.ஐ.பி.டி. குரோமோசோமைத்தான் பார்க்கும், தலசீமியாவுக்கோ எஸ்.எம்.ஏ.வுக்கோ அது பதில் சொல்லாது. திசுவோ நீரோ எடுக்கும் ஊசியால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு என்பதால் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் உரிமை. டாக்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். 20ஆவது வாரத்தில் நினைவுக்கு வந்து ஓடி வராதீர்கள்.

உங்கள் கூடப்பிறந்தவர்களும் கேரியராக இருக்கலாம். தம்பிக்கு மாமன் மகளைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பூ வைப்பதற்கு முன்னாலேயே இருவருக்கும் கேரியர் பரிசோதனை (தலசீமியா என்றால் எச்.பி.எல்.சி.) எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸோம் வரை போக வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்துப் பிழையின் பெயர்தான் ரிப்போர்ட்டில் இருக்கிறதே, அதை மட்டும் தேடினால் போதும். அந்த ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்தனுப்புங்கள்.

மிச்சக் கருக்களைச் சட்டப்படி பத்து வருடம் வரை வைத்திருக்கலாம். வருடக் கட்டணத்துக்கான நினைவூட்டல், பதிவு செய்த போன் எண்ணுக்குத்தான் வரும். வீடு மாறினாலோ நம்பர் மாற்றினாலோ மையத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி ஃபைலில் வையுங்கள்.